சினை பிடிக்காத மாமியார்

இடுக்கி என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் விதைப் பண்ணையில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கையில் எப்போதும் ஒரு சின்ன இடுக்கி வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால், அவள் பேச்சும் அப்படித்தான், ஆளைப் பிடித்தால் கிள்ளாமல் விடமாட்டாள் என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

அவள் வேலை தக்காளிப் பூவுக்குக் கல்யாணம் செய்துவைப்பது. பசுமைக்குடிலுக்குள் வரிசையாக நிற்கும் செடிகளில், மறுநாள் விரியப்போகிற மொட்டைச் சாயங்காலமே பிரித்து, நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்பை இடுக்கியால் முழுசாக உருவிவிட வேண்டும். பூவின் சொந்த மகரந்தம் அந்தக் கூம்புக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவைத்தால் பூ யார் துணையும் இல்லாமல் தானே காய்த்துவிடும். கம்பெனிக்கு வேண்டிய கலப்பு விதை கிடைக்காது. மறுநாள் காலையில், வேறு ரகச் செடியிலிருந்து சேர்த்த மகரந்தத் தூளை விரலில் மாட்டியிருக்கும் மோதிரத்தின் குழியில் நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் நடுவிலும் மிஞ்சி நிற்கும் சூல்முடியை அதில் முக்கி எடுக்க வேண்டும். முக்கிய கையோடு, பூவின் அடியில் இருக்கும் பச்சை இதழ்களில் இரண்டை அடையாளத்துக்கு நறுக்க வேண்டும். இதழ் நறுக்கிய காய் மட்டும்தான் விதைக்குப் போகும். மற்றதெல்லாம் குப்பைக்கு.

அவள் கணவரை எல்லோரும் ஊசிக்காரர் என்பார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். பைக்கின் பின்னால் குளிர்க்கேனைக் கட்டிக்கொண்டு, தோள்பட்டை வரைக்கும் ஏறும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, தொழுவம் தொழுவமாகப் போய்வருவார். மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பிடித்திருக்கிறது என்றால் பிடித்திருக்கிறது. "இனி இதுக்குப் பிடிக்காது" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், மாட்டுக்குச் சொந்தக்காரர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வியாபாரிக்குப் போன் போடுவார். மிச்சம் வைத்த ரொட்டியைத் தின்றது யார் என்பதில் தொடங்கி வீட்டில் எல்லாவற்றிலும் அவர் கூசாமல் பொய் சொல்வார். மாட்டு விஷயத்தில் மட்டும் சொன்னதே இல்லை.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சண்டைதான். பூ உசத்தியா, மாடு உசத்தியா?

"உங்க மாட்டுக்கு என்ன கவலை? இந்தத் தடவ தவறிப்போனா மூணு வாரம் கழிச்சு மறுபடியும் கத்திக் கூப்பிடும். என் பூ கூப்பிடுமா? விட்டா உதிர்ந்துடும்" என்பாள் சாப்பாட்டு மேசையில்.

"ஒரு பூ போனா என்ன, பக்கத்துலயே பத்து நிக்குது. மாட்டுக்கு அப்படியா? ஒரு ஈத்துக்கு ஒண்ணு. அதுக்கே ஒன்பது மாசம் சுமக்கணும். உன் செடி சுமக்குதா?"

"சுமக்காம? குச்சி கட்டலேன்னா கொத்தோட சாஞ்சு விழும். ஒரு நாள் வந்து பாருங்க."

"சரி, பெத்ததுக்கு அப்புறம்? மாடு நக்கிக் குடுக்கும், பால் குடுக்கும், கன்னு தள்ளிப் போனா தேடிக் கத்தும். உன் செடி என்னைக்காவது தன் விதையத் தேடியிருக்கா?"

"அதுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்ல. போற இடத்துல பொழச்சுக்கன்னு சோத்த மூட்டையா கட்டிக் குடுத்துத்தான் விதையை அனுப்புது. உங்க கன்னுதான் முட்டி முட்டிக் குடிக்கும்."

இங்கே வந்ததும் இருவரும் மகளைப் பார்ப்பார்கள். அவளுக்கு வீட்டில் நீதிபதி என்று பெயர். ஊரில் இருக்கும் ஒரே மருத்துவமனையில், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற அறையில் வேலை. "ரெண்டுலயும் ரெண்டு பாதி சேர்ந்தாத்தான் ஒண்ணாகுது. அதுக்கப்புறம் ஒண்ணு நடக்குது, ஒண்ணு நடக்கல. வழக்கு தள்ளுபடி. அந்தத் தண்ணிய இப்படித் தள்ளுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவள் சாப்பிடுவாள். மறுநாள் மேல்முறையீடு.

வீட்டில் இன்னொரு ஜீவனும் உண்டு. பின்பக்கத் தகரக் கொட்டகையில் நிற்கும் செம்பழுப்புப் பசு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசிக்காரர் கன்றாக வாங்கிவந்தது. நாலு வருஷமாகக் கன்று இல்லை, பால் இல்லை. ஆனால் தீனி மட்டும் வேளைக்கு வந்தாக வேண்டும், தாமதித்தால் வாளியை உதைக்கும். இடுக்கிக்கு உண்மையான மாமியார் வாய்க்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது வந்திருக்கிறது என்று சொல்லி, அதற்கு மாமியார் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

"வித்துத் தொலைங்களேன்."

"இன்னும் ஒரு தடவ பாப்போம். என்ன அவசரம்?" என்பார் ஊசிக்காரர். மாமியார் சினைக்குக் கத்தும் நாட்களில் அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். உறைந்திருக்கும் மருந்துக் குழலை இளக்க வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். அவர் கேனையும் தண்ணீரையும் உறையையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போவார், கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். நாலு வருஷமாக இதே கதை. ஊர் மாட்டுக்கெல்லாம் கைராசி, சொந்த மாட்டுக்கு இல்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்து நாலு வயதில் மாதவிலக்கு வராமல் போனது.

முதல் மாதம் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை என்றதும் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. இந்த வயதில் இது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, புதிதாக எதுவோ தொடங்கியிருக்கிறது. இல்லாவிட்டால், எல்லாம் முடியப்போகிறது. தொடங்குவதும் முடிவதும் ஒரே மாதிரியாக வந்து நின்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? தனக்குத் தெரிந்த சட்டங்களையெல்லாம் தன் மேலேயே போட்டுப் பார்த்தாள். பூவாக இருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்: பிடிக்காத பூவுக்குக் காம்பின் கணு மஞ்சளாகி உதிரும், பிடித்த பூவுக்கு இதழ் வாடி அடியில் பச்சையாய்ப் புடைக்கும். மாடாக இருந்தால் மூன்று வாரத்தில் கத்தாமல் இருந்தாலே பாதி நிச்சயம். அவள் உதிரவும் இல்லை, புடைக்கவும் இல்லை. கத்தவேண்டும் போல மட்டும் இருந்தது.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பரணில் இருந்தது. மகளுக்கு ஐந்து வயதில் ஒரு தடவை நாள் தள்ளிப்போனது. ஊசிக்காரர் அன்றைக்கே மகளின் பழைய தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, ஆடும் கால்களுக்கு எண்ணெய் போட்டு வைத்தார். இரண்டு மாதத்தில் அது கலைந்துபோனது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவரே அதை மறுபடி ஏற்றினார். சில வருஷம் கழித்து இன்னொரு தடவையும் இறக்கினார், இன்னொரு தடவையும் ஏற்றினார். இரண்டு முறையும் ஏணியில் அவர் காலடி எவ்வளவு மெதுவாக ஏறியது என்பது அவளுக்குத்தான் தெரியும். மூன்றாவது முறை அதைக் கேட்க அவளால் ஆகாது.

ஊரில் யாருக்கும் தெரியாமல் பரிசோதிக்கவும் வழியில்லை. மருந்துக்கடைக்காரருக்கு வானொலி என்று பட்டப்பெயர். மருத்துவமனைக்குப் போனால் ரத்தம் எடுப்பது நீதிபதி. ஆக, எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். நடு நடுவே எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பண்ணையில் சின்னப் பெண் ஒருத்தி "என்னக்கா, கால்ல சக்கரமா?" என்று கேட்டதற்கு எரிந்துவிழுந்தாள்.

அந்த வாரம்தான் ஆறாவது வரிசை உதிர்ந்தது.

அவள் கை பட்ட வரிசை உதிர்ந்து யாரும் பார்த்ததில்லை. இதழ் நறுக்கின அடையாளம் அப்படியே இருக்க, பூக்கள் கணுக் கணுவாக மஞ்சளாகிக் கீழே கிடந்தன. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "வெயிலா இருக்கும்மா. விசிறிய மாத்தச் சொல்றேன்." பக்கத்து வரிசை பச்சைப் பசேலென்று காய் பிடித்திருந்தது; வெயில் என்ன ஆறாவது வரிசைக்கு மட்டுமா அடித்தது? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வரிசைக்கு மகரந்தம் வைத்த நாள் சாயங்காலம் தூள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அது குறையாமல் இருந்தது. என்னவோ போல இருந்தும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். மோதிரத்தில் தூளே நிரப்பவில்லை. வெறும் குழியில் ஒவ்வொரு பூவையும் பொறுப்பாக முக்கி, ஒவ்வொரு பூவுக்கும் பொறுப்பாக இதழ் நறுக்கி, வரிசை முழுக்க நடந்திருக்கிறாள்.

"வெயில் இல்ல சார். நான்தான் வெறும் மோதிரத்த வெச்சுக்கிட்டு சுத்தியிருக்கேன்."

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

வரிசையில் ஒரே ஒரு காய் மட்டும் உதிராமல் நின்றது. கோலிக்குண்டு அளவுக்கு வளரவும் செய்தது. தூள் படாத பூவில் எப்படி என்று பார்த்துப் பார்த்து, ஒரு நாள் கிள்ளி எடுத்து நகத்தால் பிளந்தாள். உள்ளே சதை இருந்தது, ஈரம் இருந்தது. ஒரு விதை இல்லை. பொய்க்காய். இந்த வேலையில் அவள் எத்தனையோ பொய்க்காய் பார்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இதைத் தூக்கிப் போடக் கை வராமல், வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் பேச்சை அவளே எடுத்தாள். "சேராமலே காய் நிக்குதே சில சமயம். மாட்டுல, ஆட்டுல அப்படி உண்டா?"

"ஆட்டுல உண்டு" என்றார் ஊசிக்காரர் உற்சாகமாக. "வயிறு பெருக்கும், மடி இறங்கும். பாக்கிறவன் ரெட்டைக் குட்டின்னு சத்தியம் பண்ணுவான். கடைசியில பாத்தா ஒரு வாளித் தண்ணிதான் கொட்டும். குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"மனுஷங்களுக்கும் உண்டு. ரொம்ப ஆசப்பட்டாலும் வரும், ரொம்பப் பயந்தாலும் வரும்" என்றாள் நீதிபதி, அம்மாவைப் பார்க்காமல்.

இடுக்கி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சமையலறையில் நிற்கும்போது அவர் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "இல்லப்பா, பாத்துட்டேன். இனி இதுக்குப் பிடிக்காது. வெச்சிருந்து பிரயோஜனம் இல்ல, குடுத்துடு." ஆயிரம் தடவை கேட்ட வாசகம்தான். அன்றைக்கு அது தன்னைப் பற்றிச் சொன்னது போலக் கேட்டது. காய்ப்பு ஓய்ந்த செடியைப் பருவம் முடிந்ததும் வேரோடு பிடுங்கிக் குழியில் போடுகிறாள் அவள். பிடிக்காத மாட்டை விற்கச் சொல்கிறார் அவர். இருபத்தைந்து வருஷச் சண்டையில், அதற்குப் பிறகு என்ன என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவர் தொழிலிலும் சரி, அவள் தொழிலிலும் சரி, அதற்குப் பிறகு என்று ஒன்று இல்லை.

பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், மறுநாள் பண்ணையிலிருந்தே மாட்டு வியாபாரிக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டு மாட்டக் குடுக்கப்போறோம். வந்து பாருங்க." வைத்துவிட்டு, எதையோ சாதித்துவிட்டது போலக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நடந்தாள். அதுவும் வரிசையின் பாதி வரைக்கும்தான் தாங்கியது.

வியாபாரி வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் மதியம், பொறுக்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனாள். மகளுக்கு அன்று காலை முறை, இந்நேரம் கிளம்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் போனாள். ரத்தம் எடுக்கிற அறைக் கதவைத் தள்ளினால், வெள்ளைக் கோட்டோடு நீதிபதி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"சர்க்கரை இருக்கான்னு பாக்க வந்தேன்."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் கையில் பட்டையைக் கட்டி, ஊசியைக் குத்தினாள். வலிக்கவே இல்லை. தன் மகளுக்கு இவ்வளவு மெதுவான கை என்று இடுக்கிக்கு அதுவரை தெரியாது. வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனவள், வெகு நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சர்க்கரை இல்ல."

"ம்."

"வேற எதுவும் இல்லம்மா. பெரிய டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன். முடியிற வயசுதான், சில பேருக்கு முன்னாடியே வருமாம்." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு நாள் தள்ளிப்போயிருக்குன்னு ரெண்டு வாரமாவே தெரியும். நீயா வருவேன்னுதான் மதிய முறையையும் சேர்த்துப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இந்த இரண்டு மாதமும், கரு இருந்துவிட்டால் ஊர் சிரிக்குமே, கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்றுதான் பயந்தோம் என அவள் நினைத்திருந்தாள். இல்லை என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது. மிகவும் வேண்டியிருந்தது. மகள் தோளில் தலையைச் சாய்த்து, வருவோர் போவோரைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.

அன்று இரவு கணவரிடம் பூசி மெழுகாமல் சொன்னாள். நாள் தள்ளிப்போனது, பரிசோதனை, முடிந்துபோனது, எல்லாவற்றையும். "இனி எனக்குக் கிடையாது. அவ்வளவுதான்."

ஊசிக்காரர் அவளையே பார்த்தார். தாடையைத் தடவினார். "சரி" என்றார். பிறகு எழுந்து, கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

சரியா? இரண்டு மாதம் வெந்து செத்ததற்கு ஒரு சரியா? அவள் புரண்டு புரண்டு படுத்தாள். ஏணிச் சத்தம் வருகிறதா என்று காது அதன்பாட்டுக்குத் தேடியது. வரவில்லை. வராததும் எரிச்சலாக இருந்தது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வியாபாரி வந்து நின்றார். அவரைக் கூப்பிட்ட விஷயமே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஊசிக்காரர் கொட்டகை வாசலில் வாளியோடு நின்றுகொண்டு, இவர் எங்கே வந்தார் என்பது போல விழித்தார்.

"வீட்டம்மாதான் போன் பண்ணாங்க" என்றார் வியாபாரி. பசுவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முதுகைத் தட்டினார். "பல்லு பாக்க வேண்டாம், வயித்தத் தடவ வேண்டாம். உங்க வார்த்தை போதும் ஊசிக்காரரே. பிடிக்கும்னா வளக்கிறவங்களுக்குக் குடுப்பேன், பிடிக்காதுன்னா வெட்டுக்குப் போகும். சொல்லுங்க, பிடிக்குமா, பிடிக்காதா?"

ஊசிக்காரர் வாளியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மனைவியைப் பார்த்தார். வீட்டில் ஆயிரம் பொய் சொல்கிற மனுஷன், மாட்டைப் பற்றி ஒரு பொய் சொல்ல முடியாமல் தவித்தார்.

"பிடிக்காது" என்றார் கடைசியில்.

"எப்பத்திலிருந்து?"

"நாலு வருஷமா. கடைசிக் கன்னுக்கு அப்புறம் கை விட்டுப் பாத்தப்பவே தெரியும்."

இடுக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு வருஷமா தெரியுமா? அப்ப ஒவ்வொரு தடவையும் போட்ட ஊசி?"

"போடல."

"நான் வெந்நீர் வெச்சுக் குடுத்தேனே!"

"அதுல கை கழுவிக்குவேன்." அவர் வாளிக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "பிடிக்காதுன்னு நான் ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் விக்கணும். நீயும் வெச்சிருக்க விடமாட்ட. உள்ள போயி அதுகூடக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடுவேன். கன்னு போட்டாத்தான் இங்க இருக்கணுமா என்ன? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாயிருக்கே! ஊர் மாட்டுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுறவர் சொந்த மாட்ட ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? நீங்க சொல்லுங்கம்மா. பால் இல்ல, கன்னு இல்ல, இனி எதுவும் இல்ல. சும்மா எதுக்குத் தீனி?"

இடுக்கி கணவரைப் பார்த்தாள். நேற்று அவர் சொன்ன அந்த ஒற்றை "சரி" காதில் வந்து நின்றது. வேலைப் பையில் கை விட்டாள். சுருங்கிக் காய்ந்த பொய்க்காய் விரலில் பட்டது. அதை எடுத்து மாமியார் முன்னால் நீட்டினாள். அது முகர்ந்துகூடப் பார்க்காமல் நாக்கால் வளைத்து வாயில் போட்டுக்கொண்டது.

"இது எங்கயும் போகல" என்றாள்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா, கூப்பிட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கூப்பிட்டேன். இங்கயேதான் இருக்கும். நானும் இருக்கேன்ல?"

வியாபாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையிலேயே வேலை கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஊசிக்காரருக்கு விளங்கிவிட்டது. முகத்தைச் சட்டென்று பசுவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாட்டையும் என்னையும் ஒரே தட்டுல வெச்சுத் தப்பிச்சுடலாம்னு நெனைக்காதீங்க. நாலு வருஷமா வெந்நீர் வெக்க விட்டதுக்குத் தனியா இருக்கு உங்களுக்கு" என்றாள். கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இடுக்கியைப் பையில் செருகி, வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"வெறும் வாளிய வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, மாமியாருக்குத் தண்ணி வெச்சீங்களா இல்லையா?"